ஒரு நாளும் தவறாத கையெழுத்து

தரச் சான்றிதழ் கொடுக்குமுன் சோதிக்க கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியா வந்திருந்த நஷ்வா, அந்தக் கட்டட நிறுவனத்தின் ஃபைலைப் புரட்டப் புரட்ட அசந்துபோனார்.

"பதினெட்டு வருஷமா எத்தனையோ கம்பெனி பாத்துட்டேன், வக்தி சார். தினமும் சோதனைத் தாள், ஒரு நாள்கூட விடாம கையெழுத்து! யாரு இந்த ரம்ஸி?"

"நம்ம தர இன்ஜினியர், மேடம்," என்றார் மேலாளர் வக்தி.

"கூப்பிடுங்க, நேர்ல பாராட்டணும்."

"அவன்... லீவுல இருக்கான்."

"யாருகிட்ட கதை விடுறீங்க? இன்னைக்கு இருபத்துமூணு. இன்னைக்குத் தாள்லயும் கையெழுத்து இருக்கே!"

புதினா டீயுடன் வந்த வயதான ஆபீஸ் பணியாள் அப்தோ ஃபைலை எட்டிப் பார்த்தார்.

"அது ஒண்ணாந்தேதியே போட்டதும்மா. மாசம் முழுசுக்கும் ஒரே மூச்சுல போட்டு வச்சிருவாங்க, இங்க எப்பவும் அப்படித்தான். பாவம் ரம்ஸிப் புள்ள, ஒன்பதாந்தேதி சாரம் சரிஞ்சு அஞ்சாவது மாடியிலேர்ந்து விழுந்துட்டான். அன்னைக்கே அடக்கம் பண்ணியாச்சு."

"மிச்சத் தாளை எடுத்துடச் சொன்னேனே..." என்று யாரையோ திட்டுவதுபோல் முணுமுணுத்தார் வக்தி.

நஷ்வா ஒன்பதாம் தேதித் தாளைத் தேடித் திருப்பினார்.

'சாரம்: ஏறிப் பார்த்தேன். உறுதியாக உள்ளது.'

கீழே, அதே அழகான கையெழுத்து.