இன்னும் பத்தடி

ஜெயிக்க இன்னும் பத்தடிதான். ஏரியில் முன்னால் நீந்திக்கொண்டிருந்த சத்யா சட்டென்று நின்று, திரும்பி அஃப்ரீனைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் அஃப்ரீன் அவளைத் தாண்டிப்போய்க் கரையோரக் கழியைத் தொட்டுவிட்டாள்.

பயிற்சியில் இது மூன்றாவது முறை. கரையில் எட்டாம் வகுப்பே கை தட்டியது. அஃப்ரீனுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தவளுக்கு இப்படி ஒரு அவமானம் எந்த ஊரில் நடக்கும்?

"இன்னாடி, எனக்குப் பிச்ச போடறியா?"

சத்யா இந்த வருஷம்தான் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவள். வீட்டில் எல்லோரும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள்.

"அப்டி இல்லடி. எறா புடிக்கப் போனா, முன்னால போறவதான் பின்னால வர்றவங்க தலய எண்ணணும். எங்க பழக்கம் அது. எப்ப எண்ணினாலும் ஒண்ணு கொறையுது."

"உன்ன வுட்டுட்டு எண்ணியிருப்ப, லூசு!" அஃப்ரீனுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் தேர்வுப் போட்டி. முதலில் வருகிறவளுக்குச் சென்னை விளையாட்டு விடுதியில் இடம் என்று பி.டி. சார் வேதாசலம் சொல்லியிருந்தார். சத்யா திரும்பினால் அந்த இடம் அஃப்ரீனுக்குத்தான். ஆனால் ஓசியில் கிடைத்தது தொண்டையில் இறங்குமா?

"இது போட்டிடி, எறா புடிக்கற வேல இல்ல. நாளிக்கி திரும்பிப் பாக்க மாட்டேன்னு என் கையில அடிச்சு சொல்லு."

சத்யா ஒருமுறை தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் படகிலிருந்து போட்டிக்கு வந்த ஐந்து பேரும் குதித்தார்கள். அஃப்ரீன் உயிரைக் கொடுத்து நீந்தினாள். பத்தடி இருக்கும்போது முன்னால் போன சத்யாவின் கை ஒரு கணம் தயங்கியது. ஆனால் அவள் திரும்பவில்லை, கழியைத் தொட்டுவிட்டாள்.

தோற்றது அஃப்ரீனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மூச்சிரைக்க நீந்திப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியா! திரும்பாம வந்தா நீதான் ஃபர்ஸ்ட்டு!"

சத்யா ஏரிக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"எங்கக்கா முழுகிப்போன அன்னிக்கும் நான் இப்டித்தான்டி ஃபர்ஸ்ட்டு வந்தேன்."