பட்டியலில் நட்டாக்

நண்பகல் வெளிச்சம் ஒற்றை ஜன்னலின் பனிப்படலத்தில் வடிந்து, சாம்பல் நிறமாய்ச் சமையலறைக்குள் விழுகிறது. உட்சுவரின் ஆணித் தலைகளிலெல்லாம் உறைபனி வெள்ளைப் பொட்டாக நிற்கிறது; பக்கத்திலேயே, கூரை மூலையிலிருந்து இறங்கிய கரும்பூஞ்சை. காலையில்தான் உலாயுக் அதைத் துடைத்தாள்; நாளையும் துடைப்பாள். இரவு வேலை முடிந்து வந்த தம்பிகள் இருவர், பிள்ளைகள் எழுந்துபோன மெத்தையில் குறட்டை விடுகிறார்கள். பதினோரு பேருக்கு மூன்று மெத்தை. வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் லூக்காசி, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான்.

"அக்கா, உங்க அப்பா பேரை வீட்டுப் பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொல்றாங்க. செத்தவங்க பேருக்கு வீடு கிடையாதாம். நீங்க புதுசா மனுப் போடணும், கடைசியிலேர்ந்து."

"யாருடா செத்தது?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. மடியிலிருக்கும் எட்டு மாதக் கைக்குழந்தையின் மூக்கைத் துடைக்கிறாள். அவள் அப்பா, அந்தக் கிழவர், கண்மூடிய வாரம் பிறந்து, அவர் பெயரை வாங்கிய மகன். பெயரோடு ஆளும் திரும்பி வந்துவிட்டார் என்பதுதான் இந்த வடதுருவ இனூயிட் ஊரின் கணக்கு. "இதோ இருக்காரே எங்கப்பா நட்டாக். ராத்திரி பூரா இருமல். நீயே கேளு."

"எனக்குத் தெரியுதுக்கா. தெற்கே தலைமை ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியணுமே."

குழந்தை இருமுகிறது. லூக்காசி பேனாவை மூடுகிறான். குனிந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்து, பத்தொன்பது வருஷமாகக் கிழவரிடம் சொல்லிவந்ததை அதே மரியாதையோடு சொல்கிறான்: "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க, பெரியப்பா."