தூய்மைத் தோழர்

“நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ‘துப்புரவு ஆள்’ங்கிற வார்த்தையே இனிமே இருக்கக் கூடாது. தூக்கு!”

மேலாளர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘மைக்’ என்றே பெயர்.

“பதிலுக்கு என்ன போடணும் சார்?” என்றாள் டேட்டாபேஸ் பார்க்கும் பெண்.

“தூய்மைத் தோழர். எப்படி?”

“நல்லா இருக்கு சார். ஆனா பணியாளர் பட்டியல் இருக்கிற டேபிள்ல மட்டும் மாத்தினா போதாது. அந்த வார்த்தையை நம்பி வேற டேபிளும் இருக்கும். ரெண்டு நாள் குடுத்தா எல்லாத்தையும் பார்த்துட்டு...”

“ஒரு வார்த்தையை மாத்த ரெண்டு நாளா? உனக்கெல்லாம் மனுஷங்க மேல மதிப்பே இல்லம்மா! நாளைக்கு அவங்களுக்குப் பாராட்டு விழா.”

அவளுக்குச் சுருக்கென்றது. அங்கேயே உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் துப்புரவு ஆட்கள் அத்தனை பேரும் தோழர்கள் ஆனார்கள்.

விழாவில் மைக் உருகி வழிந்தார். “நீங்களும் நாங்களும் ஒண்ணு!” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ‘சே, இந்த மனுஷரைப் போய்த் தப்பா நினைச்சுட்டோமே’ என்று அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை போன் அலறியது.

“உடனே கீழே வா! நீ பண்ணின அப்டேட்டால மானம் போகுது!”

சம்பள டேபிளில் பழைய வார்த்தை அப்படியே இருந்து, பாவம், அவர்களுக்குச் சம்பளம் நின்றுவிட்டதோ? விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

“சம்பளம் நின்னுடுச்சா சார்?”

“அது நின்னாக்கூடப் பரவாயில்லையே! அங்க பாரு.”

முன்வாசல் லிஃப்ட் திறந்தது. வாளியும் துடைப்பமுமாக இரண்டு பெண்கள் இறங்கினார்கள். முகமெல்லாம் பல்.

“கும்பிடறோம் சார்! இத்தனை வருஷமா எங்க கார்டுக்குத் திறக்காத லிஃப்ட்டு இன்னிக்குத் திறந்துடுச்சு! எல்லாம் உங்க புண்ணியம்!”

மைக்கும் பெரிதாகச் சிரித்துக் கும்பிட்டார். அவர்கள் தலை மறைந்ததும் சிரிப்பும் மறைந்தது.

அவளுக்கு விஷயம் புரிந்தது. லிஃப்ட் டேபிளில் ‘துப்புரவு ஆளுக்கு அனுமதி இல்லை’ என்றுதானே இருக்கிறது? அந்தப் பெயரில்தான் இப்போது ஆளே இல்லையே!

“அந்தத் தடையையே எடுத்துடட்டுமா சார்?”

“லூசா நீ? தடை இருக்கட்டும்.” அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அதுல இருக்கிற அசிங்கமான பழைய வார்த்தையை மட்டும் எடுத்துட்டு, ‘தூய்மைத் தோழர்’னு மரியாதையாப் போடு!”