சத்தியபாய் முற்றத்துக் கார்

"மூணு சென்டுல வீடு. முற்றத்துல காரு. கேட்டா பிங்க் கார்டு!"

சொல்லும்போதே லேகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சத்தியபாயின் ஓட்டு வீட்டு முன்னால், நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

நெய்யாற்றின்கரையில் அந்த ஆற்றோரக் காலனிக்கு லேகாதான் அயல்கூட்டம் என்ற பெண்கள் குழுவின் செயலாளர். வீடு கட்ட உதவி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி, பென்ஷன், எது வேண்டுமானாலும் ஜனங்கள் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். சத்தியபாயின் புருஷன் பொன்னப்பனுக்குக் கிட்னி போனபோது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஏழைகளுக்கான பிங்க் ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அந்தக் கார்டு இருப்பதால்தான் அவருக்கு டயாலிசிஸ் இலவசம்.

சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு பிங்க் கார்டு கிடையாது. அதைச் சோதிக்கத்தான் இன்றைக்கு ரேஷன் ஆபீஸிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். லேகா கூட நடந்து ஒவ்வொரு வீடாகக் காட்டினாள். அவளுக்கும் பிங்க் கார்டுதான் என்பதால் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். சார் சாயா குடித்தார், பெருக்கிச் சுத்தமாகக் கிடந்த முற்றத்தைப் பார்த்தார், எல்லாரும் செயலாளரைப் போல இருந்தால் தனக்கு வேலையே இருக்காது என்று சிரித்தார்.

இங்கே அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது ஆருடெ வண்டி?"

சத்தியபாய் லேகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்க மொகத்துல என்ன இருக்கு அக்கா? சாரு கேக்குதாரில்லா, பதில் செல்லுங்க."

"அது... ஒரு ஆளு கொண்டு விட்டுட்டுப் போனதாக்கும் சாரே."

"ஆரு?"

"செல்லப்பிடாதுன்னு செல்லியிருக்கு."

லேகாவுக்கு ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "எதுக்கக்கா மறைக்கணும்? மகன் சஜு எர்ணாகுளத்துல கை நிறைய வாங்குதான்னு ஊரே பேசுது. போன வாரம் வந்துட்டும் போனான்."

"அய்யோ மக்கா, அவன் தீப்பெட்டி வாங்கக்கூட நூறு தடவை யோசிப்பான்."

சார் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். சத்தியபாய் ஓடி வந்து கயிற்று முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் சாரே! தொறக்காண்டாம்!"

உள்ளேயிருந்து பொன்னப்பனின் ஈனக்குரல் கேட்டது. "எட்டி, உள்ளதைச் செல்லித் தொலை. நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நிங்க சும்மா கெடங்க. மனுசன்னா ஒரு நன்றி வேண்டாமா?"

நன்றியாம்! நன்றியைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு வரைமுறையே இல்லாமல் போய்விட்டது என்று லேகா நினைத்துக்கொண்டாள்.

மழை தூற ஆரம்பித்தது. இன்னும் பாதிக் காலனி பாக்கி. சார் அலுத்துப்போய், அவள் சொன்னால் போதும் என்பதுபோல லேகாவைப் பார்த்தார்.

"செக்ரட்டரி பறஞ்ஞா மதி. வண்டி இவருடெ தன்னேயோ?"

வாசல் வழியே கட்டிலில் பொன்னப்பனின் வீங்கிய கால்கள் தெரிந்தன. லேகாவுக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவள் இளகினால் காலனியில் நியாயம் என்று ஒன்று எப்படி நிற்கும்?

"இவிய முற்றத்துல நிக்குத வண்டி வேற ஆருக்க வண்டி சார்? கார்டை வெட்டுங்க. ஒரு ஆளுக்காகக் கண்ணை மூடினா நாளைக்கு எல்லாவனும் ஏமாத்துவான்."

சார் எழுதிக்கொண்டு நடந்தார்.

லேகா படி இறங்கும்போது சத்தியபாய் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மக்கா, சாரு போன பெறவு நீ எல்லாம் சரியாக்கித் தருவல்லா? வெள்ளிக்கிழமை இவியளுக்கு டயாலிசிஸ் உண்டு."

"உங்க கள்ளத்தனத்துக்கு என்னைக் கூட்டு சேக்காதீங்க," என்று லேகா கையை உதறினாள்.

சத்தியபாய் ஒன்றும் புரியாமல் மழையில் நின்றாள்.

சாயங்காலம் லேகா வீடு திரும்பியபோது, புருஷன் ஜெயன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எட்டி, சாரு போயாச்சா? அப்பம் நான் போயி நம்ம காரை எடுத்துட்டு வாறேன்."

"எங்க கொண்டு விட்டீங்க?"

"எங்கன்னு எனக்குச் செல்லாண்டாம், தெரிஞ்சா சாருக்க முன்ன நாக்கு குளறும்னு நீதானே செல்லினது? சத்தியபாய் அக்காக்க வீட்டுலயாக்கும் விட்டேன். 'லேகா செய்த உபகாரத்துக்கு இதுகூட செய்யாண்டாமா, உயிரு போனாலும் வாய் தொறக்க மாட்டேன்'னு செல்லிச்சு. பாவம், மழைக்குக் கூரையில போட்டிருந்த தார்ப்பாயை அவுத்துல்லா நம்ம வண்டிக்குப் போட்டுத் தந்தது."

லேகா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மழை வலுத்துப் பெய்தது.

ஜெயன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"நில்லுங்க."

"என்னட்டி?"

லேகா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இப்பம் எடுத்தா ஆளுக சந்தேகப்படும். காரு கொஞ்ச நாளு அங்கயே கெடக்கட்டும்."