மியூசியத்துப் பெருமாள்

பெருமாளின் காலடியில் நம்பர் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"இதைப் பார்த்தேளா?" என்றாள் கோதைநாயகி.

வக்கீல் ராஜகோபாலன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகம் சிவந்துவிட்டது. இந்தப் பக்கம் பாடம் பண்ணி வைத்த முதலை. அந்தப் பக்கம் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள். நடுவில் சங்கும் சக்கரமுமாய்ப் பெருமாள். சாத்துவதற்கு ஒரு முழத் துளசி கூட இல்லை.

அது 1934. திருச்சி கண்டோன்மென்டில் புதிதாக மியூசியம் திறந்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றதும் ஊரே திரண்டு போனது. இவர்களும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா பிடித்து வந்திருந்தார்கள்.

ஒரு வெள்ளைக்காரர் பூட்ஸ் காலோடு வந்து, கைத்தடி நுனியால் பெருமாளின் கிரீடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"நாராயணா" என்று ராஜகோபாலன் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோதுதான் அவனைக் கவனித்தார். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி. இரண்டு பேர் கண்ணிலிருந்தும் தாரை தாரையாக நீர் வழிந்தது.

"ஏம்ப்பா அழறே?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஒண்ணும் இல்லீங்க சாமி. பெருமாளைப் பாத்தோம். அதாங்க."

"உன் பேரு?"

"பிச்சமுத்துங்க."

"எந்த ஊரு?"

சொன்னான். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு கிராமம். ராஜகோபாலனுக்கே அங்கே நிலம் உண்டு.

"இந்தப் பெருமாள் அங்கேதானே அகப்பட்டார்?"

"ஆமாங்க. வாய்க்கா தூர் வாரயில கெடைச்சுது. சர்க்கார்ல வந்து வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க. இங்க வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. அதான் ரெண்டு பேரும் நடந்து வந்தோம்."

ராஜகோபாலன் மனைவி பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா கோதை? படிச்ச நாமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தோம். பெருமாள் இங்கே கெடக்கறது பொறுக்காம இவன் அழறான்." பிச்சமுத்துவிடம் திரும்பினார். "அழாதே. பெருமாளை உங்க ஊர்க் கோயிலுக்கே கொண்டுவந்து சேர்த்துடறேன். இது என் பொறுப்பு."

பிச்சமுத்துவின் முகம் மாறிவிட்டது.

"வேணாங்க சாமி."

"ஏன்?"

"இங்கயே இருக்கட்டுங்க. நல்லாத்தான் இருக்கு."

"சர்க்காருக்குப் பயப்படறான்" என்று மனைவியிடம் சொன்னார் ராஜகோபாலன். "நீ ஏன் பயப்படறே? நான் இருக்கேன்."

பிச்சமுத்து இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெண்டாட்டி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

ராஜகோபாலன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மனு மேல் மனு எழுதினார். கலெக்டர் பங்களாவில் கால் கடுக்க நின்றார். மதராஸ் வரை போய் வந்தார். கட்சிக்காரர்களை ஜூனியர் தலையில் கட்டிவிட்டு இதே வேலையாக அலைந்தார். போன இடத்திலெல்லாம் அந்தக் கண்ணீரைத்தான் சொன்னார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். கடைசியில் சர்க்காரும் இறங்கி வந்தது.

பெருமாள் ஊர் திரும்பிய அன்று கிராமமே அமர்க்களப்பட்டது. மேளம், வாணம், வாழைத்தோரணம். கண்டவர் கையெல்லாம் பட்ட விக்கிரகம் என்று பட்டர் கலசம் கலசமாகத் தீர்த்தம் சேர்த்து, சுத்தி பண்ணி, பட்டு சாத்தி உள்ளே எழுந்தருளப் பண்ணினார்.

கோயில் வாசலில் ராஜகோபாலனுக்கு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்தப் புண்ணியம் என்னுடையதல்ல. மியூசியத்திலே நின்று கண்ணீர் விட்டானே, இந்த ஊர்ப் பிச்சமுத்து, அவனுடையது. அந்த ஏழை பக்தனின் அழுகை பெருமாள் காதில் விழுந்துவிட்டது."

கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோதைநாயகிக்கும் கண் கலங்கியது. பிச்சமுத்து எங்கே என்று தேடினாள். கோயிலுக்குள் இல்லை. சன்னதித் தெருவிலும் இல்லை. தெரு முடிகிற இடத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. அதில் அவனும் பெண்டாட்டியும் நின்றார்கள்.

கோதைநாயகி புருஷனிடம் வந்தாள். "ஏன்னா, அந்தப் பிச்சமுத்து அங்கே நிக்கறான். கூப்பிட்டு இந்த மாலையை அவனுக்குப் போடுங்களேன்."

ராஜகோபாலன் குரலைத் தாழ்த்தினார். "என்ன பேசறே நீ? அவாள்ளாம் வாய்க்காலைத் தாண்டி வரக்கூடாது. அது அவனுக்கே தெரியும்."

"உங்களுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார் அவர். யாரோ கூப்பிட, பிரசாதம் வாங்க உள்ளே போய்விட்டார்.

கோதைநாயகி மெதுவாக நடந்து வாய்க்கால் கரைக்குப் போனாள். அக்கரையில் எல்லோரும் அவளைக் கும்பிட்டார்கள்.

"அவர் பேசினது இங்கே கேட்டுதா பிச்சமுத்து?"

"கேட்டுச்சுங்கம்மா."

"பெருமாள் உங்க ஊரை விட்டுப் போயிட்டார்ங்கற துக்கத்துலதான் நீங்க அன்னிக்கு அழுதேள்னு நெனச்சுட்டோம்."

பிச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டிதான் பதில் சொன்னாள்.

"அது சந்தோசத்துல அழுததுங்கம்மா. எங்களைப் பெருமாள்கிட்ட விட்டது அந்த ஒரு எடத்துலதான்."