முழு சார்ஜ்

கோபித்துக்கொண்டு மலையூரில் அக்காள் வீட்டோடு தங்கிவிட்ட மனைவி செண்பகத்தை அழைத்துவரப் போன கருணாகரன், தனியாகத்தான் மலையிறங்கினான். "காருக்கு முழுசா சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். வழியில எங்கயும் நிக்காமப் போயிருங்க" என்று செண்பகம் கதவைச் சாத்திக்கொண்டாள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே அந்த மின்சாரக் கார் தானாக வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் போகும். இன்று பேட்டரியில் இடமில்லை. முதல் வளைவிலேயே கார் பிடிகொடுக்காமல் ஓடியது. மிதித்து மிதித்துப் பிரேக்கில் தீய்ந்த வாடை. கொஞ்சமாவது காலியாகட்டுமென்று ஏசியை உச்சத்தில் வைத்தான், பாட்டைப் போட்டான், பட்டப்பகலில் ஹெட்லைட்டையும் எரியவிட்டான். எதிரே ஏறிவந்த பேருந்தின் ஓட்டுநர், விளக்கு எரிகிறது என்று விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். விளக்கை அணைக்காமல், போய்வருகிறேன் என்பதுபோல் அவருக்குக் கையசைத்தான் கருணாகரன்.