முதல் துண்டு

தன் மனைவி யசோதாவுக்குப் பக்கத்து வீட்டு டிரேவர்தான் விஷம் வைத்துவிட்டான் என்று இராஜமாணிக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். யசோதாவை வாரிக் காரில் போட்டுக்கொண்டு காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து பறந்து வந்தவனே அந்த டிரேவர்தான். இப்போதும் மருந்துச் சீட்டுகளைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றான்.

"சும்னே கூத்கொளி சார்," என்று நர்ஸ் கன்னடத்தில் அதட்டிவிட்டுப் போனாள். அவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

டிரேவர் செய்த குற்றம், சுரைக்கொடி வளர்த்தது. தின்கிற சுரை இல்லை. காயவைத்து, ஓட்டை போட்டு, உள்ளே விளக்கு வைக்கிற குடுக்கைச் சுரை. காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இராஜமாணிக்கத்தின் கறிச்சுரை.

"போன வருஷமே கலந்திருக்கும் அங்கிள். என் பூவுல உக்காந்த பூச்சி உங்க பூவுலயும் உக்காந்திருக்கும். அந்தக் காய் நல்லாத்தான் இருந்திருக்கும், அதோட விதையிலதான் கசப்பு ஏறும். நீங்க அந்த விதையைத்தானே எடுத்து வெச்சு நட்டீங்க?"

"அப்போ தப்பு என்னுதுன்றியா?"

"பூச்சிகிட்ட நான் எப்படி அங்கிள் சொல்ல முடியும்?"

யசோதா சாப்பிட்டதுதான் இந்த வருஷத்துக் கொடியில் முதல் காய். காலையில்தான் அறுத்தார்.

கசக்கிற சுரைக்காய் உயிரை வாங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பேப்பரில் படித்த நாளிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு சட்டம். எந்தக் காயை நறுக்கினாலும் முதல் துண்டை யசோதா பச்சையாகக் கடித்துப் பார்க்க வேண்டும். புகையிலை போட்டுப் போட்டு மரத்துப்போன நாக்கு அவருடையது. யசோதாவின் நாக்கோ ஊரறிந்தது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் சமையல்காரர் கரண்டியும் கையுமாக அவளைத்தான் தேடி வருவார்.

இன்றைக்கும் கடித்தாள். நிதானமாக மென்றாள். "பால் மாதிரி இருக்கு," என்றாள். அவர் பூரித்துப்போய், பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க பேங்குக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோது, சுரைக்காய்க் கூட்டும் சோறும் சாப்பிட்டிருந்தவள் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள். வாந்தியில் ரத்தம்.

டாக்டர் ஷ்ரேயா வெளியே வந்தார். இறங்கிப்போன பிரஷர் இன்னும் ஏறவில்லை, இதற்கென்று தனி மருந்தும் கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். மிச்சமிருந்த காயை இவர் ருசி பார்த்தாரா என்று கேட்டார்.

நாக்கு நுனியில் வைத்ததுதான், மரத்த நாக்கிலேயே கசப்பு இன்னும் போகவில்லை என்றார் இராஜமாணிக்கம்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவ்ளோ கசப்பை ஒரு கிண்ணம் யாரும் தெரியாம சாப்பிட முடியாது சார். வீட்ல ஏதாவது சண்டையா?"

நேற்றுதான் சண்டை. பொம்மனஹள்ளி ஃபிளாட்டுக்கே வந்துவிடுங்கள் என்று மகன் கிஷோர் போன் செய்திருந்தான். போகலாம் என்றாள் யசோதா. செடிகளை யார் பார்ப்பார்கள் என்றார் இவர். உப்பை ஸ்பூனில் தலைதட்டி அளந்து குழம்பில் போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே, "உங்களுக்கு நான் முக்கியமா, செடி முக்கியமா?" என்று கேட்டாள்.

வாய் வார்த்தையாகவாவது நீதான் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை பாவி மனுஷன்.

அப்படியானால் கசப்பு தெரிந்தேதான் மென்றிருக்கிறாள். தெரிந்தேதான் பால் மாதிரி என்றிருக்கிறாள். தன்னை வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்தேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

சாயங்காலம் பிரஷர் கொஞ்சம் ஏறியது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே விட்டார்கள். வாடிய கொடி போலக் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் சாப்பிட்டியா யசோதா? அவ்ளோ கோவமா எம்மேல? கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டுடறேன். வீட்டுக்கு வா, அங்கேருந்து நேரா கிஷோர்கிட்டயே போயிடலாம்."

ஏதோ திருட்டில் அகப்பட்டவளைப் போலப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். காய்ந்த உதடு மெல்ல அசைந்தது.

"கொரோனா வந்து போனதுலேருந்து எனக்கு எந்த ருசியும் தெரியறதில்லீங்க."